பிடரியில் தேய்த்த தைலம்

அன்பு மகன் நசீருக்கு, தாராவியிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஆனாலும் எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பேசினால் உன் பெண்டாட்டி சுலைகா காதில் விழும். ஒரே ரூமில் எங்கே போய்ப் பேச? நாளைக்கு சார்ஜா திரும்புகிற நாகூர் மீரானிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

மூணு செவ்வாய்க்கிழமையாக அவள் ஆஸ்பத்திரி போகிறாள். கேட்டால் தோல் வியாதிக்கு என்கிறாள். முழங்கையில் செதில் செதிலாக இருக்கிற படை தெரிந்ததுதான். ஆனால் திரும்பி வரும்போது ஊசி போட்ட தடம் இல்லை, மாத்திரை இல்லை, ஒரு களிம்புகூட இல்லை. இது என்ன வைத்தியம்? உன் நிக்காஹ் அன்றைக்கு நம்ம வீட்டைக் கோழிக்கூடு என்று சொன்னவள் அவள் உம்மா. பதினாறு வருஷம் ஆச்சு, அப்போது உடுத்தியிருந்த பச்சைச் சேலைகூட ஞாபகம் இருக்கு. அவள் பெற்ற பிள்ளை சொல்வதை அப்படியே நம்ப எனக்கென்ன கிறுக்கா?

போன செவ்வாய் அதே பஸ்ஸில் பின்னாடி உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போச்சு.

உள்ளே ஒரு மிஷின். தொடாமலே சிவப்பு வெளிச்சத்தைத் தோல் மேலே ஓட விடுகிறார்கள். அடியில் ரத்தம் எங்கே எவ்வளவு ஓடுது என்று கம்ப்யூட்டரில் கலர் கலராக வருது. முழங்கையைப் படம் எடுத்துவிட்டு, பிடரியில் இருக்கிற கறுப்பு மருவையும் படம் எடுத்தார்கள். விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு தினமும் நான் ஓதி ஊதித் தைலம் தேய்க்கிற அதே மரு. டாக்டரம்மா இந்தியில் சத்தம் போட்டாள்: மூணாவது வாரமும் கழுத்து முழுக்கச் சிவப்பு, இதில் எதைப் பிரித்துப் பார்க்க, இப்படி யார் தேய்க்கிறது?  மாமி ஓதித் தேய்ப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல என்று சுலைகா மூணு வாரமும் சும்மா இருந்திருக்கிறாள். நான்தான் என்று நானே சொன்னேன்.

பிடரியைத் துடைத்து, சிவப்பு அடங்கட்டும் என்று டீகூடக் குடிக்க விடாமல் மதியம் வரை உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள். முழங்கைப் படையில் சிவப்பு ஒரே சீராக இருந்தது. மருவில் அப்படி இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் கொத்தாகக் கிடந்தது. கேன்சரா என்று கேட்டேன். படத்தை வைத்துச் சொல்ல முடியாதாம், வருகிற செவ்வாய் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்க்கணுமாம். தெரியாமலா டாக்டரம்மா அவ்வளவு நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்? எனக்குச் சந்தேகம்தான்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று சுலைகா வழியெல்லாம் சத்தியம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. உன் மகள் சாதியாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

திங்கட்கிழமைக்குள் வந்து சேர். ஏன் வந்தாய் என்று சுலைகா கேட்டால், உம்மாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது என்று சொல். நானும் படுத்துக்கொள்கிறேன். அந்தப் பொய்யை அல்லாஹ் என்னிடம் கேட்கட்டும், உன்னைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

துஆவுடன்,
உம்மா மைமூன் பீவி