அந்தோனியாருக்குக் கீழே ஒரு போல்ட்

செவ்வாய்க்கிழமை.

பைக்கில் ஒயில் கசிந்தது. பின்னேரம் எஞ்சின் மூடியைக் கழற்றப் பார்த்தேன். கண்ணில் பட்ட எல்லாப் போல்ட்டையும் எடுத்த பிறகும் அது அசையவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டிக் களைத்துப்போனேன். பக்கத்து வீட்டு நிஸாம் நானா எட்டிப் பார்த்தார்.

"அந்தோனியாருக்குக் கீழயும் ஒண்டு இருக்கும்," என்றார்.

போன வருடம் நான் முகத்துவாரம் ரோட்டில் பைக்கோடு விழுந்த பிறகு, என் மனைவி ஸ்டெல்லா காவலுக்கென்று மூடியில் ஒட்டிய புனித அந்தோனியார் படம் அது. நான் தொடவில்லை. அவளைக் கூப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து அவளே உரித்தாள். பாதி முகம் கிழிந்தது. போல்ட் அங்கேதான் இருந்தது. அதை எடுத்ததும் மூடி கையோடு வந்தது.

ஒயில் கசியவிட்ட பெக்கிங்கை மாற்றி மூடியைப் பூட்டினேன். படம் திரும்ப ஒட்டவில்லை.

சாப்பிடும்போது, "நாளைக்கு மெதுவா ஓடுங்க," என்றாள். படம் ஒட்டிய நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை.