சத்தம் கேட்காத பெட்டி

மாப்ள,

இன்று மதியத் தொழுகைக்காக நம் சந்தில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, நான் உன் வீட்டு இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழே உன் பட்டறையில் இப்போது வேறொருவன் பை தைக்கிறான். அவனும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை மட்டும் ஏணி வரைக்கும் வந்தது. தாராவியில் நம் சந்து வாயை மூடுவது வெள்ளிக்கிழமை இந்த ஒரு நேரம்தான். ராத்திரி மிஷின் நின்றாலும் டிவியும் பேச்சும் ஓயாது. அப்போது என் காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது. அப்படிப் பழக்கியவன் நீதான், பாவி.

உன் மனைவி, என் மைனி, வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வெளி ஆண்களைப் பார்க்காமல் நாலு மாதம் பத்து நாள் இருந்த இத்தா முடிந்து நான் அவரைப் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. உன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பாதி ஏணியில் நின்று உன் பட்டறை ஷட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

அவருக்குக் கம்ப்யூட்டர் பெட்டி என்றாலே ஆகாதே. உன் பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும். பகலெல்லாம் மிஷின் சத்தத்தில் தலைவலி ஏறி, ராத்திரி அவை நின்றபின் மைனி கண்ணை மூடிப் படுப்பார். நீ சரியாக அப்போது பார்த்து அதைத் தட்டிவிடுவாய். இருப்பது ஒரே அறை, அவர் எங்கே போவார்? ஒருநாள் என் முன்னாலேயே சொல்லிவிட்டார். "தம்பி, ஒங்க கூட்டாளிட்ட சொல்லி வையுங்க. ஒண்ணு அந்தப் பொட்டி வாய மூடணும், இல்ல வீட்ட விட்டு வெளிய போவணும்." நீ சிரித்துச் சமாளித்தாய். ஆனால் உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

ஒரு தோலில் பைக்கான துண்டுகளை வீணாகாமல் எப்படி அடுக்குவது என்று ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாய். பட்டறையில் அதை நீ ஒருநாளும் பயன்படுத்தவில்லை. கண்ணால் பார்த்தே அதைவிட நன்றாக வெட்டுவாய். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று நான் கேட்டதற்கு, "சும்மாதாம்ல. காசு வராத வேல ஒண்ணாவது மனுசனுக்கு வேணும்லா" என்றாய். கூரியர் ஆபீஸில் பார்சல் எண்ணிக்கொண்டு கிடக்கிற எனக்கு அது அப்போது விளங்கவில்லை. கிறுக்கன் என்று நினைத்தேன்.

வாய் மூடின பெட்டி வேண்டுமென்று லாமிங்டன் ரோட்டில் என்னை எத்தனை கடை ஏறி இறங்க வைத்தாய்! சுழலாத டிஸ்க் வேண்டும், கரண்ட் குறைவாகத் தின்கிற புராசஸர் வேண்டும், தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். "கேமா ஆடப் போறேன்? நாலு வரி எழுதணும், ஓட்டிப் பாக்கணும், அம்புட்டுதான்." ஒரு கடைக்காரன் கலர் லைட் எரிகிற பெட்டியைக் காட்டியபோது, "கல்யாண வீடால நடத்துதேன்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அவனிடம் இந்தியில் மரியாதையாக வேண்டாம் என்றாய். ஃபேனைக் காதோடு வைத்துப் பார்த்துவிட்டு "சத்தமே இல்லல" என்று வாங்கினாய். வெளியே பஸ் ஹாரனும் கைவண்டிக்காரர் கூச்சலும். அந்த இரைச்சலில் எதுதான் கேட்கும்? வீட்டில் மாட்டினால் அது கிடந்து ஊளையிட்டது. கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

அடுத்து, ஃபேனே இல்லாத பெட்டி என்றாய். குளிர் ஊர்க்காரன் எவனோ இன்டர்நெட்டில் எழுதியதை நம்பி, தகரக் கூரைக்குக் கீழே அதைக் கொண்டுவந்து வைத்தாய். வெயில் ஏறினதும் அது சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்ளும். எழுதியதெல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

கடைசியில்தான் வெள்ளிக்கிழமை யோசனை வந்தது. சந்து அடங்கியிருக்கும்போது கேட்டால்தானே உண்மையான சத்தம் தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் நீ தொழப் போக வேண்டும். "நான் தொழுதுட்டு வாரேன், ஒனக்குத்தான் தொழுக இல்லியே, நீ ஒக்காந்து கேளு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போவாய். நான் பெட்டிக்கு முன்னால் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மைனி ஒரு பக்கம் தண்ணீர் வைத்துவிட்டுச் சிரிப்பார். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுமுன்னே கேட்பாய். "சத்தம் கேக்கா? கொசு மாதிரியா, மீன் வறுக்க மாதிரியா?" நான் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். பெரிய ஃபேனாகப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டபின், ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்தாய். பித்தானின் நீல வெளிச்சம் மைனி தூக்கத்தைக் கெடுக்கும் என்று அதன்மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினாய். பெட்டி வீட்டில் தங்கிவிட்டது.

நீதான் தங்கவில்லை. மழை ஆரம்பித்த வாரம், பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். அவ்வளவுதான். அடக்கம் பண்ண உன்னைத் தோளில் சுமந்து நடந்தபோதுகூட நான் அழவில்லை. உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் கோபம்தான்.

மைனி கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையைத் துணி போட்டு மூடியிருந்தார். பெட்டியைக் காட்டி, "இது ஓடுதா தம்பி?" என்றார்.

குனிந்து காது வைத்தேன். சந்தே அடங்கிக் கிடந்தது. "ஒண்ணும் கேக்கலையே மைனி."

"எனக்கும் கேக்காது. பழசு கெடந்து இரையும்போது திட்டுவேன். ஆனா கண்ண மூடிக் கெடந்தாலும், அவுக பக்கத்துல இருக்காகன்னு தெரியும்லா? இத்தால இருக்கையில தெனம் பித்தான அமுக்கி விடுவேன். ஓடுதா இல்லையான்னு தெரியாமத் தவிச்சுப் போனேன். பொறவு ஒருநாள் கைய வச்சுப் பாத்தேன்." பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "சூடா இருந்துச்சு."

கையை எடுக்காமலே கேட்டார். "இப்பிடி ஓடிக்கிட்டே கெடந்தா கெட்டுப் போவுமா? அதக் கேக்கத்தான் ஒங்கள வரச்சொன்னேன்."

"கெடாது மைனி" என்றேன். உண்மையா என்று எனக்குத் தெரியாது. நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

அவர் கையை எடுத்தபின் நானும் வைத்துப் பார்த்தேன். கடைசியாக உன் நெற்றியைத் தொட்டது ஆஸ்பத்திரியில். அப்போது அது சில்லென்று இருந்தது மாப்ள. அந்தக் குளிர் இத்தனை நாள் என் கையைவிட்டுப் போகவில்லை. இன்று இந்தப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.