பெரியத்தானுக்கு அனுப்பிய காசுகள்

சாத்தூர்,
புரட்டாசி 22

அன்புள்ள பெரியத்தான் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி கற்பகம் வணக்கம் சொல்லி எழுதுவது. மெல்போர்னில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் பார்சலோடு இதை வைக்கிறேன்.

நீங்கள் கேட்ட பழங்காசுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. உங்கள் தம்பியின் காரியம் முடிந்த மறுவாரம் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை ரோஷினியும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் காசு கெட்டுவிடும், உடனே மாற்ற வேண்டும், விரல் படக்கூடாது, சின்ன வயதில் அண்ணன் தம்பி இருவரும் சேர்த்தது என்பதால் உங்களிடம் இருப்பதுதான் முறை என்று விவரமாகச் சொல்லியிருந்தீர்கள். ரோஷினி கடைசி வரைக்கும் கேட்டாள். முடிந்ததும், “பெரியப்பா என்னையப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா” என்றாள். அவசரத்தில் மறந்திருப்பார்கள் என்றேன்.

ஆல்பம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். பழையதைத் திறந்ததும் மழைக்கோட்டு வாடை அடித்தது. ஓட்டைக் காலணாக்களில் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. வெள்ளி ரூபாய்கள் கருத்துக் கிடந்தன. அத்தை அதைப் பார்த்துவிட்டுப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தேய்த்தால் காசு வீணாகிவிடும் என்று கையைப் பிடித்தேன். “எம்பிள்ளை தொட்ட காசு. நான் வெளக்கக் கூடாதாக்கும்” என்று உட்கார்ந்து அழுதார்கள். மகனுக்கென்று செய்ய ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருக்கிறது அவர்களுக்கு.

மதுரையில் நாணயக் கடை வைத்திருக்கும் சீனிவாசகம் அண்ணாச்சியிடம் போனேன். நீங்கள் சொன்ன வெளிநாட்டு ஆல்பம் அவரிடம் இல்லை. காசு செருகும் இரண்டு வகை பிளாஸ்டிக் தாள்களை எடுத்துக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். வாடை வீசுகிற குழைவான தாள் காசைத் தின்றுவிடுமாம். வாடையில்லாமல் விறைப்பாக இருந்ததை எடுத்தேன். காசைத் தனித்தனி அட்டைக்குள் அடைத்துத்தான் அதில் செருக வேண்டும் என்றார்.

வெள்ளி கருத்ததைப் பார்த்ததும், கந்தகம் பட்டிருக்கிறது, வீட்டுப் பக்கத்தில் பட்டாசு ஆலை இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் ஆலை ஏது? தாயில்பட்டி ஆலையிலிருந்து உங்கள் தம்பியின் சட்டையில்தான் கந்தகம் தினமும் வந்தது. குளித்துவிட்டுத்தான் காசைத் தொடுவார். ஆனால் சட்டை, ஆல்பம் இருந்த அலமாரிக் கதவில்தான் தொங்கும்.

பில் போடப் பெயர் கேட்டபோது அவர் பெயரைச் சொன்னேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“சூர்யபிரகாஷ் வீட்டம்மாவா? ஆடி மாசமே போன் பண்ணாரே. எங்கண்ணன் ஊருக்கு வாராக, காசெல்லாம் இங்கன இருந்தா கருத்துப் போகுது, அவுக கையிலயே குடுத்து விடணும், நல்ல ஆல்பமா ரெண்டு எடுத்து வைங்கன்னு சொன்னாரு. எடுத்து வச்சிருக்கேன். ஏன் வரலை அவரு?”

நான் எடுத்து வைத்திருந்த அதே ரகத்தில் இரண்டை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். செய்தியைச் சொன்னேன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பெரியத்தான், நீங்கள் முறை, நியாயம் என்றெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கவே வேண்டாம். அவர் என்னிடம்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் உங்களுக்கென்றே முடிவு செய்திருக்கிறார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு வருகிறேன் என்று நீங்கள் சொன்னதால், சீசன் நேரத்தில் முதலாளியிடம் கெஞ்சி அந்த வாரம் முழுக்க லீவு வாங்கியிருந்தார். நீங்கள் வரவில்லை என்றதும், வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய என்று லீவை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்த வெள்ளிக்கிழமைதான் ஆலையின் மருந்து அறை வெடித்தது. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் இது தெரியாது. என் வாயால் தெரியவும் வராது.

காசுகளை அட்டையில் அடைத்தது ரோஷினிதான். உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஓரத்தை மட்டும் பிடித்துச் செய்தாள். அப்பா நினைவாக ஒன்றாவது எடுத்துக்கொள் என்றேன். “வேண்டாம்மா, பெரியப்பா எண்ணிப் பாப்பாக” என்று சொல்லிவிட்டாள்.

மாமாவுக்கு இப்போது காது மந்தம். வாசலில் கார் நின்றாலே, தருண் வந்துட்டானா என்று உங்களைத்தான் கேட்கிறார்கள். தம்பியைக் கொண்டுபோனபோதுதான் வர முடியவில்லை. இவர்கள் இருவரும் இருக்கும்போதே ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். நான் எதுவும் பேச மாட்டேன், சமைத்துப் போடுவேன்.

நீங்கள் நோய்நொடியின்றி, நீண்ட ஆயுளோடு, உங்கள் பிள்ளைகள் தலையெடுக்கும் வரை அவர்கள் கண்முன்னாலேயே இருக்க வேண்டும். இருக்கன்குடி ஆத்தாளிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டில் இருக்கும்
கற்பகம்