தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றவன்

மச்சான்,

இன்று காலை வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் நம் ஸ்டூடியோ மேசையில் பழைய கலியாணப் படம் ஒன்றை வைத்தார். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் தமையனின் முகம் அந்தப் பொடியனுடையது. கை உன்னுடையது.

உனக்கு மறந்திருக்காது. யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன மகனுக்காக, இரணைமடுப் பக்கத்து அம்மா ஒருவர், மகளின் கலியாணத்தில் ஓராள் நிற்கும் இடத்தை விட்டே எல்லோரையும் நிறுத்தினார். அப்போது இங்கே எத்தனையோ குடும்பங்கள் அப்படி இடைவெளி விட்டுப் படம் எடுத்தன. பொடியனுக்கு உன் உயரம்தான் என்று நீயே பட்டுவேட்டி கட்டி அந்த இடத்தில் நின்றாய். நான் படம் பிடித்தேன். அவனுடைய அடையாள அட்டைப் படத்திலிருந்த முகத்தை நீ கொம்பியூட்டரில் பொருத்தினாய்.

"முகத்திலை வெளிச்சம் மற்றப் பக்கத்தாலை விழுது. பரவாயில்லை, அம்மாதானே பாக்கப்போறா," என்றாய்.

இப்போது நீதிமன்றம் பார்க்கிறது. மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டு அந்த அம்மா போட்ட வழக்கில், யுத்தம் முடிந்தபின் நடந்த கலியாணத்தில் நிற்பவன் எப்படிக் காணாமல்போனான் என்று எதிர்த்தரப்பு கேட்கிறதாம். நாளை அம்மாவின் பக்கம் நான் சாட்சி சொல்ல வேண்டும். ஒட்டிய படம் என்றால் அத்தாட்சி எங்கே என்பார்கள். உன் கொம்பியூட்டர் பழுதாகி எறிந்தாயிற்று. மிஞ்சியிருப்பது அந்தப் படத்தில் தெரியும் உன் வளைந்த சுண்டுவிரல்தான். அது உன்னுடையதென்று காட்ட உன் வேறு படம் ஒன்றைக் கொண்டுபோகிறேன். அதுவும் ஒட்டியதுதானா என்று கேட்டால்? விபத்துக்கும் காணித் தகராறுக்கும் நாம் நீதிமன்றத்துக்கு எடுத்துக் கொடுத்த படங்களும் அப்படித்தானா என்று கேட்டால்? நீ இருந்தால் கூண்டில் ஏறி விரலை நீட்டியிருப்பாய். செத்துப்போக உனக்கென்ன அவ்வளவு அவசரம் என்று கோபமும் வருகிறது.

பின்னேரம் அந்த அம்மா வந்தார். அந்தப் படத்தைக் காட்டித்தான் பேரப்பிள்ளைகளுக்கு மாமாவைத் தெரியவைத்தவர். அவன் கலியாணத்துக்கு வரவில்லை என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, நாளைக்கு என்னைத்தான் முதல் கேப்பினமாம். ஒருக்கா உங்களுக்குச் சொல்லிப் பாக்கிறன்," என்றார்.

சொல்லுங்கோ என்றேன்.

"அண்டைக்குக் கலியாணத்துக்கு அவன்..."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அதை அவருக்கும் சேர்த்து நான்தான் சொல்லப்போகிறேன், மச்சான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்: அவன் வரவில்லை, நின்றது நீ.