மீதியை அப்புறம் படி

தியாகதுருகம்
3-2-2025

அன்புள்ள பவானிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. மணி ஒன்றரை. எந்தப் பக்கம் சாய்ந்தும் படுக்க முடியவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி வேறு.

வளைகாப்பு பற்றி உனக்கு எழுதவே கூடாது. ஆனால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நேற்று எனக்கு நடந்தது. போன மாதம் அளவு பார்த்து வாங்கிய வளையல்கள். முதல் வளையலே தேய்த்துக்கொண்டுதான் ஏறியது. மூத்த ஓரகத்தி பச்சையம்மாள் அக்கா சோப்பு போட்டு அழுத்தினார். இரண்டாவது உடைந்து கையைக் கிழித்துவிட்டது.

கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அக்கா, "இன்னா லேகா, புள்ள வயித்துல இருக்குதா, கையில இருக்குதா?" என்றார். ஒரே சிரிப்பு. ஒருத்தி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸே வைத்துவிட்டாள். போனை அணைத்து பீரோவில் போட்டுவிட்டேன். இனி ராத்திரிச் சோறு வேண்டாம் என்று நிறுத்தியும் விட்டேன்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது சிரிப்பு இல்லை, அந்தக் கேள்வி. மூன்று வருடம் முன்பு, சின்னசேலத்தில், உன் வளைகாப்பில் அதைக் கேட்டது நான். அக்காவுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து உன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு நீயும் சிரித்தாய். பிறகு யார் கண்ணிலும் படவில்லை. குழந்தை தங்கவில்லை என்பதே உன் அம்மா சொல்லித்தான் தெரியும். என் கல்யாணத்துக்கும் வரவில்லை. என்மேல் கோபமா?

உன்
லேகா

கரியாலூர்
6-2-2025

லேகா,

இதோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பிரஷர் பார். கை இப்படி வீங்குவது சதை போடுவது இல்லை. தலைவலி என்றும் எழுதியிருக்கிறாய். பத்து முறை கூப்பிட்டேன், உன் போன் ஆஃப். அதனால்தான் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர் பழனி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மீதியை அப்புறம் படி.

எனக்கும் பிரஷர்தான். வளைகாப்புக்குப் பிறகு இரண்டு செவ்வாய் செக்கப்புக்குப் போகவில்லை. வரிசையில் நின்றால் எல்லோரும் என் கையைப் பார்ப்பார்கள் என்று கூச்சம். போய் வந்ததாக வீட்டில் பொய் சொன்னேன். மூன்றாவது செவ்வாய்க்குள் வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தபோது குழந்தை இல்லை. அந்தப் பொய்யை இன்றுவரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

உன்னால்தான் என்று எழுதவில்லை. போகாதது நான். கேட்டாய், சொன்னேன்.

பவானி

கள்ளக்குறிச்சி
9-2-2025

அன்புள்ள பவானி,

பழனி அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகரவே இல்லை. "டீச்சர் கையோட இட்டுக்கினு போவ சொன்னாங்கம்மா. வண்டி நிக்குது" என்றார். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸிலேயே ஏறினேன்.

பிரஷர் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை, உடனே படுக்க வைத்துவிட்டார். ஏறியிருந்த அந்த ஒற்றை வளையலைத் துணி சுற்றி உடைத்து எடுத்தார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. நாளைக் காலை ஆபரேஷன்.

மீதியை இந்தப் படுக்கையில்தான் படித்தேன். மன்னிப்பு என்று நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். உன்னால் இல்லை என்கிறாய். அப்படியானால் ஏன் என் கல்யாணத்துக்கு வரவில்லை?

வீட்டிலிருந்து போனை எடுத்துவரச் சொல்லி ஆன் செய்துவிட்டேன். ஆனால் நீ பேசினால் எனக்கு வாய் வராது. திட்டியாவது நாலு வரி எழுது. பழனி அண்ணன் சாயங்காலம் கரியாலூர் மலைக்குத் திரும்புகிறார், நாளைக் காலை முதல் வண்டியில் இறங்குவார்.

சீக்கிரம் பதில் போடு.

லேகா