இருபத்தைந்து மில்லிமீட்டர் வெளியே

மார்ச் 2, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். எனக்கு பி ஷிப்ட், மத்தியானம்தான் வேலை; அதனால் காலை முழுக்கக் கார். தங்கை தேன்மொழிக்கு ஞாயிறு ரேஸ். ஓட்டுவது அவள், ஸ்பேனர் பிடிப்பது நான். புது வீல் நான்கும் மாட்டியாயிற்று. ஆஃப்செட் குறைவு, சக்கரம் 25 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. மைன்ஸில் பதினோரு வருஷம் மண் அள்ளும் டம்பர் லாரி பார்க்கிறவனுக்கு ஒரே கணக்கு: அகலமாக நின்றால் கவிழாது.

வடலூர் பக்கம், விற்காத பிளாட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பிரேக் போடும்போது இடது சக்கரம் மணலில். ஸ்டீயரிங் வெடுக்கென்று வலப்பக்கம் பிடுங்கிக்கொண்டது. கார் சுற்றி முள்புதரில். அவள் மணிக்கட்டு வீக்கம்.

"என் கைதாண்ணா சரியில்ல போல."

"கெட்டியாப் புடி, அவ்ளோதான்" என்றேன். பெரிய மேதாவி.

மார்ச் 3, செவ்வாய்

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜாக்கி. முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்தக் கோட்டில் நூல் பிடித்துத் தரைவரை இறக்கினேன். சாக்பீஸ் புள்ளி. அங்கிருந்து டயரின் நடு: பழைய வீலில் 10 மி.மீ., இப்போது 35. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு சக்கரம் மட்டும் தரையைப் பிடித்தால் அத்தனை இழுப்பும் ஸ்டீயரிங்கில் வந்து விழும். டம்பர் ஊர்ந்து போகிற வண்டி. யோசித்தேனா?

அவள் கை இல்லை. நான் செய்த வேலை.

சொல்ல வாய் வரவில்லை. பழைய வீலை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.
வாங்க: சோப்பு, கிரேப் பேண்டேஜ், அம்மா மாத்திரை.

மார்ச் 4, புதன்

அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை, டபுள் டூட்டி. கார் பக்கமே போகவில்லை. அம்மா போனில்: "பாப்பா சரியா சாப்புடல. கையப் பாத்துக்கினே உக்காந்திருக்கா." வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பழைய வீல். நானே ஓட்டினேன். அதே ரோடு, அதே மணல், அதே வேகம். லேசாக இழுத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் தேன்மொழி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரேஸ்லேர்ந்து பேர எடுத்துட்டேண்ணா. நீ பாத்துப் பாத்து வாங்குன வீலு. எனக்குதான் ஓட்டத் தெரியல."

எல்லாம் சொன்னேன். நூல், புள்ளி, 35. அவள் மடித்த துணியை அடுக்கி வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"நான் நேத்து சாயங்காலந்தான் பேர எடுத்தேன்" என்றாள்.