மாமாவின் பலகையும் கடைசி ரேஸும்

என் உயிர் மாமாவுக்கு,

போன சனிக்கிழமை அக்காவைக் கிண்டிக்குக் கூட்டிப் போனேன். ஆமாம் மாமா, உங்கள் பெண்டாட்டியைத்தான். குதிரை என்ற சொல் காதில் விழுந்தாலே ஊதாங்குழலோடு வாசலுக்கு வருவாளே, அவளைத்தான். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "அடுத்த வாட்டி ரேஸுக்குப் போனா என்னையும் இட்டுகினு போடா" என்று அவளே கேட்டாள். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. வருஷ திதிக்குச் சேமியா பாயசம் வைத்தோம், முந்திரி கொஞ்சம் தாராளமாகவே போட்டாள் அக்கா. பெரியவன் உங்கள் தறியில் உட்கார்ந்து நெய்கிறான். உங்களை மாதிரியே பாவு நூலோடு பேசுகிறான், அறுந்தால் திட்டுகிறான். சின்னவள் பத்தாவது எழுதப் போகிறாள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது மாமா, கவலை வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அதற்குப் பழைய கதையை ஒரு தடவை சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படிக்கிறேன், கதை தெரியாத நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஆரணிக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். எட்டாவதோடு படிப்பை விட்ட நீங்கள் அதில் குதிரைப் பக்கத்தை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் குதிரைப் பெயர்தான் என்று நான் கிண்டல் செய்தபோதெல்லாம் சிரித்தீர்களே தவிர ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு ரேஸுக்கும் மூன்று மூன்று குதிரை பொறுக்கி, டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கறும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவீர்கள். அதற்குப் பிறகுதான் தறியில் கால் வைப்பீர்கள்.

அந்தப் பலகைக்கு முன்னால் நீங்கள் பேசுவதைக் கேட்கவே கூட்டம் வரும். "இது போன வாட்டி நாலாவது வந்துது. ஆனா முதுகுல அறுபது கிலோ சொமந்துது. இப்போ அம்பத்தஞ்சுதான். நல்ல ஜாக்கி வேற ஏறிகினு கீறான். இத வுட்டுட்டு அந்த முந்திரிக்கொட்டையப் புடிக்கிறியே, அது பாதி தூரம் போனதும் பொட்டுனு நின்னுடும்டா!" இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் வைத்திருப்பீர்கள். ஒரு குதிரையைக்கூட நேரில் பார்க்காத மனுஷன் நீங்கள். கிண்டி எந்தப் பக்கம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

ஒரு பைசா கட்டியதும் இல்லை. ஏன் மாமா என்று ஒரு தடவை கேட்டேன். "காசு கட்டிட்டா அந்தக் குதிரையப் புடிச்சிப் போயிடும் மச்சான். அப்புறம் அது நொண்டினாலும் நமக்கு ஓடற மாதிரியே தெரியும்" என்றீர்கள்.

நீங்கள் கட்டவில்லை, சரி. உங்கள் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் கட்டினார்களே! எதிர்வீட்டு ஏழுமலை தன் பெண்டாட்டி சரசாவின் கம்மலை விற்று உங்கள் முதல் குதிரைமேல் கட்டினார். அது ஐந்தாவதாக வந்தது. சரசா நம் வீட்டு வாசலில் நின்று வெறுங்காதைத் தடவிக்கொண்டு அழுதாள். உங்களைத் திட்டக்கூட இல்லை, அழுதாள், போய்விட்டாள். அக்கா அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை.

மறுநாள் காலையில் பந்தயம் போட்டது அக்காதான். "வர சனிக்கிழமை ஆறு ரேஸ். நீங்க மொதல்ல எழுதற குதிரை மூணு ரேஸ்லயாவது ஜெயிச்சிட்டா, இந்த ஜென்மத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். பலகைய நானே தொடச்சிக் குடுக்கறேன். மூணு வரலன்னா பலகை பரண்மேல போயிடணும். சம்மதமா?"

நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரே ஒரு சலுகை கேட்டீர்கள். சேலை மூட்டை கொடுக்க நான் சனிக்கிழமைதோறும் மெட்ராஸ் போகிறவன், கிண்டியிலும் எட்டிப் பார்க்கிறவன். "பேப்பருக்குக் குதிரையோட ஒடம்பு தெரியாது. கடைசி ரேஸ்ல மட்டும் மச்சான் நேர்ல பாத்துட்டு, ஓடறதுக்கு முன்னாடி மாத்தணும்னா மாத்தட்டும்" என்றீர்கள். அக்கா என்னைப் பார்த்தாள். "என் தம்பி பொய் சொல்ல மாட்டான். அவன் கொண்டு வர சீட்டுதான் கணக்கு" என்றாள். அந்த வார்த்தைதான் அப்புறம் எத்தனையோ வருஷம் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் ஆறு குதிரைப் பெயரையும் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல் ரேஸ் நம்முடையது. இரண்டும் மூன்றும் போயின. நான்காவது நம்முடையது. ஐந்தாவது போனது. கடைசி ரேஸ் ஜெயித்தால் மூன்று. அதற்கு நீங்கள் எழுதியிருந்த பெயர் மார்னிங் மெயில். "அது கடைசி வரைக்கும் தூங்கிகினே வரும், கடைசி இருநூறு மீட்டர்லதான் கண்ணத் தொறக்கும். தூரம் ஜாஸ்தியான ரேஸ் அதுக்குன்னே வெச்சது" என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள்.

ரேஸுக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளையத்துக்குப் போய் நின்றேன். மார்னிங் மெயில் மங்கின மண் நிறத்தில் தலையைத் தொங்கப்போட்டு நடந்தது. அதற்குப் பின்னால் வந்தது கிங்ஸ் கேட் என்று ஒரு கறுப்புக் குதிரை. ஐயோ மாமா, என்ன மினுமினுப்பு! கழுத்தும் முதுகும் வெயிலில் பளபளவென்று கண்ணைப் பறித்தன. பட்டுச் சேலைக் கடையில் என் வேலை என்ன? சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்பைப் பார்த்துத் தரம் பிரிப்பது. அதே கண்ணோடுதான் குதிரையையும் பார்த்தேன். பென்சிலை எடுத்து மார்னிங் மெயிலை அடித்தேன், பக்கத்தில் கிங்ஸ் கேட் என்று எழுதினேன்.

கிங்ஸ் கேட் வளைவு வரைக்கும் முன்னால் போனது. அங்கிருந்து ஆளைக் காணோம். மார்னிங் மெயில் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து ஜெயித்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கறுப்பா? பயத்துல அதுக்கு வேர்த்து ஊத்திகினு இருந்துதேப்பா. நடக்கும்போதே பாதி ரேஸ் ஓடி முடிச்சிட்டுது." நான் பளபளப்பு என்று பார்த்தது வேர்வையை.

பஸ்ஸில் வரும்போது சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அக்காவின் முகம் வந்து நின்றது, கிழிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஆறு ரேஸிலும் எது ஜெயித்தது என்று சொன்னேன், அக்கா கை நீட்டிச் சீட்டை வாங்கினாள். உங்களிடம் கொடுத்தாள். நீங்கள் பார்த்தீர்கள், அடித்ததைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "யாரு இத அடிச்சது?" என்று அக்கா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "நான்தான் கெளம்பும்போது மாத்தச் சொன்னேன். புத்தி கெட்டுப் போச்சு. ரெண்டுதான். நீ ஜெயிச்சிட்ட."

மறுநாள் உங்களைத் தறிப் பக்கம் மடக்கிக் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? "நீ தப்பா எழுதித்தான் தோத்தோம்னா, காலம்பூரா உன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு அதான் நெனப்பு வரும். ஒரு குதிரைக்காக அக்கா தம்பி பேஜாராவணுமா? ஜல்தியா போய் வேலையப் பாரு மச்சான்."

பலகையைக் கழுவிப் பரண்மேல் வைத்தீர்கள். அதற்குப் பிறகு குதிரைப் பக்கத்தைத் தொடவில்லை. டீக்கடையில் போண்டாவை அந்தப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், காகிதத்தைத் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் போண்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றே வருஷங்களை ஓட்டினேன். ஒரு நாள் மத்தியானம் நீங்கள் தறியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். நான் கோழை மாமா. வேறு என்ன சொல்ல?

திதிக்காகப் பரணைச் சுத்தம் செய்தபோது பலகை கீழே இறங்கியது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அக்காவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பலகையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்டா. நீ சோறு வேணாம்னு படுத்துகினே. அவரு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னாரு. தோத்த மனுஷன் அப்டியா துன்னுவான்? ஆனா நான் கேக்கல. கேட்டிருந்தா அவரு எழுதனதுதான் சரின்னு ஆயிடும், மூணுன்னு நானே ஒத்துக்கணும், பலகை திரும்ப ஏறிடும். சரசா அழுத மொகம்தான் எனக்குப் பெருசா இருந்துது." பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "அவரு மொகத்தையும் பாத்திருக்கணும்" என்றாள். அப்போதுதான் அழுதாள். இரண்டு நாள் கழித்துத்தான் கிண்டிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? கடைசி ரேஸுக்கு முன்னால் வளையத்தில் ஒரு செம்பட்டைக் குதிரை பளபளவென்று வந்தது. என் புத்தி எங்கே போகும்? "அக்கா, அதப் பாரேன்!" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காதுக்குப் பின்னாடி நுரை கட்டிகினு கீது, கண்ணு தெரியல? அது வேர்வைடா. இன்னுமா நீ திருந்தல?" என்றாள். பிறகு பேப்பரைப் பிரித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை கிலோ, போன தடவை எத்தனையாவது, என்ன தூரம் என்று கேட்டாள். ஒன்றைச் சொன்னாள். அது ஒரு கழுத்து நீளம் முந்தி ஜெயித்தது!

எப்படிக்கா என்று வாயைப் பிளந்தேன். "அத்தினி வருஷம் தறிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து சேலைக் கரைக்கு நூல் நாடாவத் தள்ளிகினு இருந்தவ யாரு? அவரு நாள் பூரா இதத்தான பேசிகினு இருப்பாரு. காதுல வாங்கலன்னு நெனச்சிகினியா?" என்றாள். மாமா, உங்கள் வித்தை முழுக்க அவளிடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா இது?

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அன்றைக்கு நான் கொண்டு வந்த அதே சீட்டு, மஞ்சளாகிப் போயிருந்தது. பென்சிலைக் கொடுத்து, மார்னிங் மெயில் பெயரை அதில் மறுபடி எழுதச் சொன்னாள். எழுதினேன். விரல் விட்டு எண்ணினாள். "மூணு. ஒங்க மாமா ஜெயிச்சிட்டாரு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு கீது இல்ல? பலகைய எடுத்துனு வா."

ஆனால் சரசாவை அவள் மறக்கவில்லை. ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். குதிரைப் பெயர்களைக் காலையில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். ஆறு ரேஸும் ஓடி முடிந்த பிறகுதான், சாயங்காலம், பலகைக்கு வர வேண்டும். முடிவு ஊருக்குத் தெரிய மறுநாள் பேப்பர் வர வேண்டும். அதுவரைக்கும் வாய் வலிக்க வாதாடலாம், ஒருத்தனும் காசு கட்ட முடியாது. இந்த யோசனை அப்போதே யாருக்காவது வந்திருக்கக் கூடாதா மாமா?

இன்று சனிக்கிழமை. கவர் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சாயங்காலம் பலகையை டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஏழுமலையும் சரசாவும்கூட வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலகையின் மேலே முதலில் உங்கள் பெயர், அப்புறம்தான் குதிரைகள். இனிமேல் அக்காவைக் கேட்காமல் ஒரு பெயரைக்கூட அடிக்க மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

வேர்வையைப் பட்டு என்று நம்பிய
உங்கள் மச்சான்